கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய்க்கு நல்ல வீடு தேடுவது எப்படி?

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள். பின் ஒழுங்கையில் இருந்த குடும்பம் வெளிநாடு போய்விட்டது. அவர்களுடைய பெட்டை நாய் பிரவுனி பல மாதமாகப் பின்வளவில் சங்கிலியில் கிடந்தது. வீட்டைப் பார்க்க வரும் ஆள் நினைத்த நேரம் பாண் துண்டு போட்டிருக்கிறார். எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் சொறியோடு இருந்த அதை நீங்கள் தூக்கி வந்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பேன் என்கிறார். பேஸ்புக்கில் போட்ட படத்துக்குக் கீழே நிறையப் பேர் "பாவம்" என்று எழுதினார்கள், ஒருவரும் வரவில்லை. வத்தளையில் இருந்து ஒருவர் மட்டும் வளவுக் காவலுக்குத் தரமுடியுமா என்று கேட்கிறார். எங்கே விளம்பரம் போட்டால் ஆள் கிடைக்கும் என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில் "கொடுத்த பிறகு அங்கேயும் இதே கதி வந்தால்?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாத கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவள். கொழும்பில் பல வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன், கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பவர்களோடு சேர்ந்தும் வேலை செய்கிறேன். பிரவுனியை நான் பார்க்கவில்லை. அதனால் நோய்களைப் பற்றி நான் சொல்வது இந்த நிலையில் வரும் நாய்களுக்குப் பொதுவானது, உங்கள் மிருக வைத்தியர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பரிதாபத்தைக் காட்டித் தேடினால் பரிதாபப்படுகிறவர்கள் வருவார்கள், வந்த வேகத்தில் போயும் விடுவார்கள். இந்த நாய் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு, அதை உள்ளபடி சொல்லித் தேடினால்தான் இதற்குப் பொருந்தும் வீடு வரும். ஆகவே ஆள் தேடுவதற்கு முன் செய்யவேண்டியவைதான் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் இருக்கும்.

முதலில் ஒரு சின்ன வேலை. சட்டத்தின் கண்ணில் நாய் ஒருவருடைய உடைமை. பழைய சொந்தக்காரர் இரண்டு மாதம் கழித்து "என் நாய் எங்கே?" என்று கேட்டால் நீங்களும் சிக்குவீர்கள், நாயை எடுத்த குடும்பமும் சிக்கும். வட்ஸ்அப்பில் அவர்களைப் பிடித்து, கோபப்படாமல், "பிரவுனியை உங்களால் இனிப் பார்க்க முடியாது என்பதால் நல்ல வீட்டுக்குக் கொடுக்கிறோம், சம்மதமா?" என்று கேளுங்கள். எழுத்தில் வரும் ஒரு "சரி" போதும், அதைப் படம் பிடித்து வையுங்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் மிக நீண்ட காலமாக எழுதியிருந்த தண்டப்பணம் 100 ரூபாய்தான். அந்தச் சண்டையில் போகும் நேரம் பிரவுனியின் நேரம். அவர்களிடம் கேட்டு வாங்கவேண்டியது தகவல்தான்: எப்போது பிறந்தது, குட்டி போட்டிருக்கிறதா, கருத்தடை செய்தார்களா, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, யாரையாவது கடித்திருக்கிறதா. நாயைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது, விசர்நோய்த் தடுப்பைப் பற்றிய சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. ஆகவே எங்காவது ஒரு தாள் கிடக்க வாய்ப்புண்டு.

அடுத்தது உடம்பு. பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடுவது ஆபத்து. நீண்ட நாள் ஒன்றும் கிடைக்காத உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் இருக்கும் பொஸ்பரஸ், பொட்டாசியம் போன்றவை சடுதியாகக் குறைந்து இதயமே தடுமாறலாம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் ஒரு நாளைக்கான அளவை நான்கைந்தாகப் பிரித்துக் கொடுப்பதைத் தொடருங்கள். சோறோடு அவித்த கோழி, முள் எடுத்த மீன், முட்டை, கொஞ்சம் பூசணிக்காய் போதும். சைவச் சாப்பாட்டு வீடு என்றால் முட்டையும் தயிரும் பருப்பும் சில நாளுக்குக் கைகொடுக்கும், நீண்ட காலத்துக்கு வைத்தியரிடம் கேட்டுத்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். கறியில் மிஞ்சியதைப் பிசைந்து வைக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அதில் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் செல்களை உடைக்கும், அவித்த எலும்பு சிராயாக உடைந்து குடலில் குத்தும். வலியில் முனகுகிறது என்று பனடோல் கொடுக்கவே வேண்டாம், அது ஈரலைக் கெடுக்கும்.

சொறியைப் பற்றி. கழிவு எஞ்சின் ஒயில் பூசினால் மாறும் என்று ஒழுங்கையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார். பூசாதீர்கள். நாய் அதை நக்கும், தோல் வெந்துபோகும், எண்ணெய் உடம்புக்குள்ளும் போகும். சொறி இரண்டு வகையாக வரும். ஒன்று சார்கொப்டிஸ் என்ற சிற்றுண்ணியால் வருவது. பயங்கரமாக அரிக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். உங்கள் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மற்றது டெமொடெக்ஸ் என்ற வேறொரு சிற்றுண்ணியால் வருவது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நாய்களில் வரும், மனிதருக்குத் தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் டெமொடெக்ஸ் பெரும்பாலும் தெரியும். சார்கொப்டிஸ் பலமுறை தப்பிவிடும், அதனால் தெரியாவிட்டாலும் சந்தேகத்தின்பேரில் மருந்து தொடங்குவோம். இப்போது இரண்டுக்குமே நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. சில கிழமைகளில் முடி முளைக்கத் தொடங்கும்.

கொழும்பு நாய்களில் நான் மிகவும் பயப்படுவது உண்ணிக் காய்ச்சலுக்குத்தான். வெளியே கட்டிக்கிடந்த நாய் என்றால் உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, பேபிசியா என்ற இரண்டு கிருமிகளுக்கும் இரத்தம் பார்க்காமல் விடாதீர்கள். டெங்கு வந்த வீட்டில் பிளேட்லெட் கணக்குப் பார்த்து நடுங்கியிருப்பீர்களே, எர்லிக்கியாவிலும் பிளேட்லெட் விழும். மூக்கால் இரத்தம் வருவது, பல் முரசு வெளிறுவது, சாப்பாட்டில் மனமில்லாமல் சுருண்டு படுப்பது எல்லாம் அடையாளங்கள். எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் என்ற மருந்தை வழக்கமாக நான்கு கிழமை கொடுக்க வேண்டும், நாய் ஐந்தாம் நாளே துள்ளினாலும் நிறுத்தக்கூடாது. பேபிசியாவில் கிப்சோனி என்ற வகை பிடிவாதமானது. மாறிவிட்டது என்று நினைத்த நாயின் உடம்பில் ஒளிந்திருந்து பிறகு திரும்ப வரலாம். பிரவுனிக்கு அது இருந்ததென்றால் எடுக்கப்போகும் குடும்பத்துக்கு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் முதல் காய்ச்சலிலேயே திரும்பி வரும், சில சமயம் திரும்பி வராமல் தெருவுக்குப் போகும்.

பெட்டை நாய் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். திறந்த வளவில் கட்டிக்கிடந்திருக்கிறது, அயல் கடுவன் நாய்கள் வந்து போயிருக்கும். கர்ப்பமா என்று ஸ்கேன் செய்து பாருங்கள். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான், வயிறு தெரியும்போது குட்டி வாசலில் நிற்கும். இரண்டாவது, பின்பக்கம் விட்டுவிட்டு இரத்தம் சொட்டினால் அது சூட்டுக்கு வந்த அடையாளம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இணைசேரும்போது தொற்றும் ஒரு வகைப் புற்றுக்கட்டி எங்கள் நாட்டு நாய்களில் சாதாரணமாக வருவது. பெயர் பயமுறுத்தும், ஆனால் கிழமைக்கு ஒன்றாகப் போடும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் சில ஊசிகளில் பெரும்பாலான நாய்கள் முழுதாகச் சுகமாகிவிடுகின்றன. கருத்தடையைக் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், உடம்பு தேறியிருந்தால். "நாங்கள் எடுத்த பிறகு செய்கிறோம்" என்பதை மனமாரச் சொல்பவர்களும் தள்ளிப்போட்டு விடுவார்கள், குட்டிபோட வைத்து விற்க நினைப்பவர்கள் கேட்கவே மாட்டார்கள். கருத்தடை செய்த பெட்டை என்று விளம்பரத்தில் இருந்தாலே அந்த இரண்டாவது கூட்டம் விலகிவிடும். இன்றைய விலைவாசியில் இவ்வளவு சிகிச்சைக்கும் காசு பெரிய பாரம் என்று தெரியும். கொழும்பு மாநகர சபையும் பிராணிகள் நல அமைப்புகளும் அவ்வப்போது இலவசமாகவோ குறைந்த செலவிலோ கருத்தடை முகாம்கள் நடத்துவதுண்டு, விசாரியுங்கள். மாநகர சபையோடு புளூ போ டிரஸ்ட் என்ற பிராணிகள் நல அமைப்பு 2007 தொடக்கம் செய்த வேலையும், தொழிலதிபர் ஒட்டாரா குணவர்தன அதே ஆண்டில் தெருநாய்களுக்காகத் தொடங்கிய எம்பார்க் அமைப்பின் வேலையும் இந்த ஊரில் நாய்களைப் பார்க்கும் பார்வையையே கொஞ்சம் மாற்றின.

விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம், அதில் பேச்சில்லை. ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். முன்பு ஊசி போடாத நாய்க்கு இன்று போடும் ஊசி, அதற்கு ஏற்கனவே தொற்றியிருந்தால் அதைத் தடுக்கும் என்று எந்த வைத்தியராலும் உறுதி தர முடியாது. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்படப் பல கிழமையோ சில மாதமோ ஆகலாம். கட்டியே கிடந்த நாய்க்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்களையோ பிள்ளைகளையோ அது பல்லால் கீறினால்கூட, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். களுபோவிலவோ தேசிய வைத்தியசாலையோ, ஊசி இலவசம். நாயை 14 நாள் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஊசியைத் தள்ளிப்போடலாமா என்பதை அங்குள்ள வைத்தியர் முடிவு செய்யட்டும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிரந்தரப் பல் முளைத்து முடியும் ஆறேழு மாதம் வரைக்கும்தான் பல்லைப் பார்த்து வயதை நம்பிச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு எல்லாம் மதிப்பீடு. சங்கிலியைக் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்த நாய் இருக்கும் வயதைவிடக் கிழடாகத் தெரியும். உங்கள் வைத்தியர் ஏழு வயது என்றால் அது நான்காகவும் இருக்கலாம்.

இனிக் குணம். உங்களோடு அது இருக்கும் இந்த நாட்களில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியே விட்டால் ஊளையிடுகிறதா, எவ்வளவு நேரம்? தும்புத்தடியை எடுத்தால் ஒதுங்குகிறதா? ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால், முச்சக்கர வண்டி முடுக்கினால், கடற்கரைப் பக்கம் ரயில் போனால் என்ன செய்கிறது? சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறதா? சிறு பிள்ளையைக் கண்டால் வாலை ஆட்டுகிறதா, உறைந்து நிற்கிறதா? உறைந்து நிற்பதைப் பலர் அமைதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பயம், அடுத்த படி கடியாக இருக்கலாம். வீட்டுக்குள் வாழாத நாய்க்குப் பளபளக்கும் டைல்ஸ் நிலமே பயமாக இருக்கும், கால் வழுக்கும். வெளியே போய்ச் சிறுநீர் கழிப்பதைப் புதிதாகத்தான் பழக்க வேண்டும், வயது வந்த நாய் பெரும்பாலும் விரைவாகப் பழகிக்கொள்ளும்.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஆண்களைக் கண்டால் ஒடுங்குகிறது என்பதை மட்டும் வைத்து ஓர் ஆண் அடித்திருக்கிறான் என்று முடிவுகட்ட முடியாது. குட்டி பிறந்து மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழ பதினான்காம் கிழமை வரைக்கும் பலவித ஆட்களைக் காணாமல் வளர்ந்த நாயும் அப்படித்தான் நடந்துகொள்ளும். சாப்பாட்டுக்கு உறுமுவது புதிய வீட்டிலும் தொடரும் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்கக் காப்பகங்களில் உறுமிய நாய்களில் பல, வீட்டுக்குப் போன பிறகு உறுமவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பட்டினி தீர்ந்தால் பாதுகாக்கும் தேவையும் குறைகிறது. மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று கிழமையில் பழகும், மூன்று மாதத்தில் சொந்தமாகும் என்று இணையம் முழுக்க ஒரு கணக்கு உலாவுகிறது. அது அனுபவக்காரர்கள் சொன்ன கணக்கு, ஆய்வில் வந்தது அல்ல. சில நாய்கள் ஒரே கிழமையில் சோபாவில் படுக்கும், சிலவற்றுக்கு ஒரு வருடம் வேண்டும். ஆனால் இன்று உங்கள் வீட்டில் பிரவுனி காட்டும் குணம் அதன் முழுக் குணம் அல்ல என்பது மட்டும் நிச்சயம். தேறிய பிறகு குரைக்கவும் தொடங்கும், விளையாடவும் தொடங்கும். எடுக்க வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது விளம்பரம். சங்கிலியோடு எடுத்த படத்தை நீக்கிவிடுங்கள். முடி கொஞ்சம் முளைத்ததும், காலை வெயிலில், நீங்கள் நிலத்தில் குந்தியிருந்து அதன் கண் மட்டத்தில் படம் எடுங்கள். அது நடப்பது, உங்கள் கையில் இருந்து வாங்கிச் சாப்பிடுவது என்று ஒரு நிமிட வீடியோ ஒன்றும் போடுங்கள். எழுதுவது இப்படி இருக்கட்டும்: "பிரவுனி, ஊர் நாய், பெட்டை, நான்கில் இருந்து ஏழு வயதுக்குள். கருத்தடை செய்தாயிற்று, ஊசிகள் போட்டாயிற்று, சொறி மாறிக்கொண்டு வருகிறது. பெரியவர்களோடு அமைதி, பெண்களிடம் விரைவில் பழகும். அந்நிய ஆண்களுக்குப் பயம், நேரம் கொடுத்தால் கிட்ட வரும். வெடிச்சத்தத்துக்கு நடுங்கும். வீட்டுக்குள் உறங்க இடம் கொடுக்கும், சங்கிலியில் கட்டாத குடும்பம் தேவை." குறையைச் சொன்னால் ஆள் வராது என்று நினைப்பீர்கள். வரும் எண்ணிக்கை குறையும், வருபவர்கள் நிலைப்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். கொழும்பில் தமிழ்க் குழுக்களுக்குள் மட்டும் தேடுவது பாதிக் கதவை மூடிக்கொண்டு தேடுவது. நாய்களுக்கு வீடு பார்க்கும் குழுக்கள், உங்கள் மிருக வைத்தியரின் விளம்பரப் பலகை, அலுவலக வட்ஸ்அப், இவை போதும். நான் பார்த்தவரை நல்ல வீடுகள் அதிகம் வந்தது தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம்தான்.

காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பூனைகளை எடுத்தவர்களை வைத்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், காசு கொடுத்து எடுத்தவர்களுக்கும் இலவசமாக எடுத்தவர்களுக்கும் பாசத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் ஊர் நாய்களுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி, ஆனால் காசை வடிகட்டியாக நம்பவேண்டாம் என்பதற்கு அது போதும். வடிகட்டி கேள்விகள்தான்.

அதில் நான் முதலில் கேட்பது: "இதற்கு முன் நாய் வைத்திருந்தீர்களா, அதற்கு என்ன நடந்தது?" பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "பதின்மூன்று வயதில் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது, கடைசி வரை சேலைன் ஏற்றினோம்" என்பவர் வேறு, "எங்கோ ஓடிவிட்டது", "ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று மூன்று நாய்க்கும் சொல்பவர் வேறு. அடுத்தது, எங்கள் சமூகத்தில் கேட்டே ஆகவேண்டியது: வெளிநாடு போக விண்ணப்பித்திருக்கிறீர்களா? கனடாவோ லண்டனோ அவுஸ்திரேலியாவோ, விசா வந்த கிழமையில் கைவிடப்பட்ட நாய்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். பிரவுனியின் கதையே அதுதானே. போகும் திட்டம் இருப்பவர்களை வெட்கப்படுத்த வேண்டாம், ஆனால் அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். பிறகு, நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கு யாழ்ப்பாணம் போனால் நாயை யார் பார்ப்பது? தீபாவளிக்கு மலையகத்துக்கு, வருடப் பிறப்புக்கு மட்டக்களப்புக்குப் போனால்? "பக்கத்து வீட்டார் சாப்பாடு வைப்பார்கள்" என்றால், அந்தப் பக்கத்து வீட்டாரோடு கதைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதித்தாரா, தொடர்மாடி என்றால் நிர்வாகக் குழு நாய் வைக்க விடுகிறதா என்பதும் முக்கியம். வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா? அம்மாவுக்குப் பிடிக்காத நாய் அந்த வீட்டில் நிலைக்காது, ஏனென்றால் பகலில் அதோடு இருக்கப்போவது அம்மாதான்.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், இங்கே கணவனும் மனைவியும் தனியே என்ற வீடுகள் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நிறைய. பிரவுனி போல வயதுவந்த, அமைதியான நாய்க்கு அவை மிக நல்ல வீடுகள் என்பது என் அபிப்பிராயம். நாள் முழுக்க ஆள் இருக்கும், நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும், கதைக்கத் துணை கிடைத்ததென்று அவர்களும் மகிழ்வார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கு இயலாமல் போனால் நாயை யார் எடுப்பது என்பதற்கு ஒரு பெயர் வேண்டும், அந்த ஆளிடம் நீங்களே கதைக்க வேண்டும்.

வத்தளைக்காரரைப் பற்றி. காவலுக்கு என்று கேட்டதாலேயே அவரைத் தள்ளிவிடாதீர்கள். நாய் என்றாலே காவல் என்று வளர்ந்த தலைமுறை அது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் பாசமுள்ள ஆளும் இருக்கலாம். சுற்றுமதில் உள்ள வளவில் அவிழ்த்துவிட்டு, விறாந்தையில் படுக்க விட்டு, மாலையில் கூட இருந்து தேத்தண்ணீர் குடிக்கும் மனிதராக அவர் இருந்தால் பிரவுனிக்கு நல்ல காலம். பகல் முழுக்கக் கூட்டில் அடைத்து இரவில் திறந்துவிடும் வீடு என்றால், அல்லது பூட்டிய களஞ்சியத்துக்குக் காவல் என்றால், அங்கே ஆள் துணையே இல்லை, வேண்டாம். கட்டி வைத்தால் நாய் உசாராகும் என்று அவர் சொன்னால் ஒரு தகவல் கொடுங்கள். அமெரிக்காவில் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வளவில் சங்கிலியில் கட்டப்பட்டவை கடித்த பக்கத்தில் தெளிவாக அதிகம். கட்டியதால் கடித்தனவா, முரடு என்பதால் கட்டினார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பிரவுனி போன்ற பயந்த நாயைத் திரும்பவும் சங்கிலியில் போட்டால் அது மேலும் கெடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தோடு, அந்நிய ஆணைக் கண்டால் ஒளியும் நாய் காவலுக்கு உதவாது என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். அதைக் கேட்டும் வேண்டும் என்றால் போய்ப் பாருங்கள்.

யாராக இருந்தாலும் வீட்டைப் போய்ப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். சமரசம் செய்யக்கூடாத இடம் இது. பிரவுனியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர்ச் சட்டி இருக்கிறதா, படலைக்கு அடியில் நுழையும் இடைவெளி இருக்கிறதா, மரத்தடியில் பழைய சங்கிலித் தேய்மானம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அங்கே இன்னொரு நாய் இருந்தால் இரண்டையும் படலைக்கு வெளியே, தெருவில் நடக்கவிட்டுச் சந்திக்க வையுங்கள். பிறகு இரண்டு கிழமை பரீட்சார்த்தம் என்று பேசிக்கொண்டு கொடுங்கள். பிடிக்காவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் போடுங்கள். அந்தத் தாள் நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகம். ஆனால் கையொப்பம் போடத் தயங்கும் ஆளை அது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

மாத முடிவுக்குள் ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது? அவசரத்தில் கிடைத்த ஆளுக்குக் கொடுப்பதைவிடத் தற்காலிக வீடு ஒன்று தேடுங்கள். "ஒரு மாதம் வைத்திருப்பீர்களா, சாப்பாடும் மருந்தும் என் பொறுப்பு" என்று கேட்டால், நாய் எடுக்க மாட்டேன் என்றவர்களில் சிலர் சம்மதிப்பார்கள், அவர்களில் சிலர் பிறகு விடவும் மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் இன்றே தடுப்பூசி அட்டையோடு போய், நீங்கள் செய்துகொண்டிருப்பதைக் காட்டி, இன்னும் சில கிழமை கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் கோபம்தான் வரும். காப்பகங்களில் இடம் கேட்கலாம், ஆனால் எல்லாமே நிரம்பி வழிகின்றன, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னும் மோசம். பயந்த நாய் நூறு நாய்களுக்கு நடுவில் மேலும் ஒடுங்கும். தெருவில் விட்டுச் சாப்பாடு வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த நாய்க்குக் காலி வீதியைக் கடக்கத் தெரியும், கட்டியே வளர்ந்த நாய்க்குத் தெரியாது. மற்ற நாய்களும் தங்கள் எல்லைக்குள் விடாது.

கொடுக்கும் நாளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 ஆகியவற்றுக்கு முன்னுள்ள இரண்டு கிழமைக்குள் கொடுக்காதீர்கள். புது வீட்டில் வெடிச்சத்தம் கேட்டு மதிலைத் தாண்டி ஓடிய நாய்க்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. முதல் நாட்களில்தான் அதிகம் தொலைகின்றன. கழுத்துப் பட்டியில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கட்டும். கழுத்தில் சங்கிலிப் புண் ஆறியிருக்காது என்பதால் மார்பைச் சுற்றிப் போடும் வார் நல்லது. அது படுத்த பழைய சாரத்துணியைத் துவைக்காமல் கூட அனுப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலுக்கடியில் கிடக்கலாம், இழுத்து வெளியே எடுக்க வேண்டாம், உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இரண்டாம் நாள், ஒரு கிழமையில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ஓம், நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இரவில் எங்கே படுக்கிறது, இன்று என்ன சாப்பிட்டது, உண்ணி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். திருப்பித் தருகிறோம் என்று அவர்கள் சொல்லும் நாள் வந்தால், கோபப்படாமல் போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் முடியவில்லை என்று பொறுமையாகக் கேட்டு அந்தக் கொப்பியில் எழுதுங்கள். தனியே விட்டபோது கதவைக் கிழித்ததா, பேரப்பிள்ளையைக் கண்டு உறுமியதா, எதுவானாலும் அது அடுத்த வீட்டாருக்கு முதலிலேயே சொல்லவேண்டிய தகவல். இரத்தப் பரிசோதனை முடிவும் இப்போதைய நிறையும் கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், சாப்பாட்டு அளவைச் சேர்ந்து பார்ப்போம்.